தையல் டீச்சரின் வெயில்குடைகள்

எங்கள் பக்கத்தில் மழைக்காக யாரும் குடை வாங்கியதில்லை. மழை இருந்தால்தானே வாங்க. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பாதையில் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வேலிக்கருவை, நடுநடுவே கரிசல் காடு, தண்ணீர் இல்லாத கண்மாய். அங்கே குடை என்றால் வெயிலுக்கு. அதுவும் ஆம்பளைகளுக்கு. கறுப்புத் துணி, வளைந்த பிடி. நடக்கும்போது ஊன்றிக்கொள்ளலாம், நாயை விரட்டலாம், பஞ்சாயத்தில் உட்காரும்போது முன்னால் நட்டு வைத்து அதன்மேல் தாடையைச் சாய்த்துக்கொள்ளலாம். சில பேர் சட்டைக் காலருக்குப் பின்னால் குடையை மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டு மொட்டை வெயிலில் நடந்து போவார்கள். அதை விரித்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று எனக்கு ஆத்திரமாக வரும். பெண்களுக்கு முந்தானைதான். தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டு வரவேண்டியது.

அப்படிப்பட்ட ஊருக்குள் ஒரு பெண்பிள்ளை ரோஸ் கலர் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தால் எப்படி இருக்கும்? எங்கள் தையல் டீச்சர் அப்படித்தான் தினமும் வந்தார். மறுநாள் பச்சைக் குடை. அதற்கடுத்த நாள் அரக்கு.

எண்பதுகளின் நடுவில் நானும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். நான் கணக்கு டீச்சர். இரண்டு பேருக்கும் வீடு அருப்புக்கோட்டையில். திருச்சுழி பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, அங்கிருந்து மண்பாதையில் ஒரு மைலுக்கு மேல் நடந்தால் ஊர். வேலிக்கருவைக்கு நிழல் உண்டு என்று சொல்கிறவர்கள் அதன் கீழ் நின்று பார்த்ததில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வேன். அவர் தன் பையை என் கையில் கொடுத்துவிட்டுக் குடையை விரிக்கத் தொடங்குவார்.

விரிப்பது என்றால் படக்கென்று விரித்துவிட மாட்டார். முதலில் சுற்றிக் கட்டியிருக்கும் நாடாவை அவிழ்ப்பார். மடிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் நீவிவிடுவார். தரையைப் பார்த்துப் பாதி விரித்துத் தூசி தட்டுவார். பிறகு மேலே தூக்கி முழுசாக விரித்து, காம்பைத் திருகி ஒரு சுற்றுச் சுற்றுவார். கம்பியெல்லாம் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வார். அதெல்லாம் சும்மா. அழகு பார்ப்பதற்குத்தான் அந்தச் சுற்று. அதற்குள் என் உச்சந்தலை கொதித்துப் போயிருக்கும்.

ஆள் நல்ல கறுப்பு, ஒல்லி, நெடுநெடுவென்று உயரம். எங்கள் தலைமையாசிரியரைப் பெரிய சார் என்போம். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன் டீச்சர், இனிமே கறுக்குறதுக்கு உங்ககிட்ட என்ன மிச்சம் இருக்கு? எதுக்கு இந்தக் குடை?"

வேறு யாராவது என்றால் முகம் சுருங்கியிருக்கும். இவர் குடையை விரித்து அவர் தலைக்கு மேலேயே பிடித்தார். "மேல பாருங்க சார். வெயிலு கலரா இறங்குதா? அதுக்குத்தான்."

பெரிய சார் அண்ணாந்து பார்த்தார். அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க ரோஸாக இருந்தது. பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு சிரித்தார்கள். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தக் குடைகளைக் கடையில் வாங்க முடியாது. எல்லாம் அவர் கையால் செய்தவை. அருப்புக்கோட்டைக் கடையில் சாதாரணக் கறுப்புக் குடையை வாங்கி வருவார். முதல் வேலையாக அதன் துணியை உரித்துப் போட்டுவிடுவார். வெறும் கம்பிக்கூடு மட்டும் நிற்கும். அவருடைய அண்ணன் வீட்டில் தறி ஓடியது. இழை அறுந்து விற்பனைக்கு ஆகாத சேலைத் துண்டுகள் அங்கே எப்போதும் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து எட்டு முக்கோணமாக வெட்டி, சேலைக் கரை குடையின் விளிம்பில் வருகிற மாதிரி வைத்துத் தைப்பார். எந்தச் சேலைத் துணியில் குடை செய்தாரோ அதே நிறத்தில் சேலை கட்டிக்கொண்டு வருவார். பிடியில் கூட அதே நிறத்து நூலை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்.

முதன்முதலில் செய்த குடையைத் தூசியாகிவிட்டதென்று தண்ணீரில் முக்கியிருக்கிறார். பருத்தித் துணி சுருங்கி எட்டுக் கம்பியையும் உள்ளே இழுத்துவிட்டது. விரித்தால் பூசணிக்காய் மாதிரி நின்றதாம். "அதையும் ஒரு வாரம் பிடிச்சேன் டீச்சர். செஞ்சுட்டோம்ல" என்றார். அதற்கப்புறம் துணியைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்பார்.

அவர் வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் வேலை. சாதுவான மனிதர். நான் ஒருமுறை வீட்டுக்குப் போயிருந்தபோது கூரையைக் காட்டிச் சொன்னார்: "வாங்க டீச்சர். எங்க வீட்டு ஓடு ஒழுகுது. இதுக்கு மேல ஒரு குடை தைக்க முடியுமான்னு உங்க சிநேகிதியைக் கேட்டுச் சொல்லுங்க."

"ஒழுகுற அளவுக்கு என்னைக்கு மழை பேஞ்சுச்சு?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அந்த வீட்டில் எனக்கு அதுதான் பிடிக்கும். யாரும் யார்மேலும் கோபப்பட்டதில்லை.

ஊருக்குள் குடை பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. அய்யனார் கோயிலைத் தாண்டும்போது மடக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் எதிரே வந்தால் இறக்க வேண்டும். சாவு வீட்டுப் பக்கம் விரிக்கவே கூடாது. தையல் டீச்சர் இதில் எதையும் தவறவிட்டதில்லை. அதனால் ஊருக்குள் நுழைந்த பிறகு குடை மேலே போவதும் கீழே வருவதுமாகவே இருக்கும். "இதுக்குன்னு தனியா ஒரு ஆளை வேலைக்கு வைங்க" என்று நான் எரிந்து விழுவேன். "மரியாதை மரியாதைதான் டீச்சர்" என்பார். ஊரிலும் அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டார்கள். "டீச்சரம்மாவுக்கு ஒரு கிறுக்கு. மத்தபடி தங்கமானவுக" என்பார்கள்.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு சில வெளிநாட்டுப் பத்திரிகைத் தாள்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். டவுனில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருந்த பாயின் தம்பி துபாயிலிருந்து சாமான் அனுப்பியபோது, கண்ணாடிச் சாமான் உடையாமல் இருக்கச் சுற்றிய தாள்களாம். கசங்கிக் கிடந்ததை வாங்கிவந்து இஸ்திரி போட்டு நிமிர்த்தியிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் குடைப் படங்கள். "படிச்சுச் சொல்லுங்க டீச்சர்" என்றார். என் இங்கிலீசு தத்தித் தத்திப் போகும். ஆனாலும் அன்று முதல் ஒரு வாரத்துக்கு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க எங்களுக்குக் குடைச் சரித்திரம்தான்.

குடை முதலில் மழைக்கு வந்ததே இல்லையாம். வெயிலுக்குத்தான். அதுவும் ராஜாக்களுக்கு மட்டும். கல்லில் செதுக்கிய பழைய சிலைகளில் ராஜா முன்னால் நிற்பார், வேலையாள் பின்னால் நின்று குடை பிடிப்பான். சீனத்திலும் ஜப்பானிலும் மூங்கில் குச்சியில் காகிதத்தை ஒட்டி எண்ணெய் தடவிப் பூப்போட்டார்கள். பிறகு ஐரோப்பாவில் சீமாட்டிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பட்டுத்துணி, பின்னல் ஓரம், தந்தப் பிடி. உடுப்புக்கு ஒரு குடை. காலையில் உலாவ ஒன்று, மத்தியானம் விருந்துக்கு ஒன்று. கோச்சு வண்டியில் போவதற்கென்றே பாதியில் மடங்குகிற காம்பு வைத்துச் சின்னதாக ஒன்று. வெயில் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் சாய்த்துக்கொள்ளலாம்.

அந்தக் காம்பைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். அடுத்த வாரமே பழைய டிரங்குப் பெட்டியின் கீலைக் கழற்றி ஒரு குடைக்காம்பில் பொருத்திக்கொண்டு வந்தார். சாயங்காலம் பஸ்ஸுக்கு நடக்கையில் மேற்கு வெயில் பக்கவாட்டில் முகத்தில் அடிக்கும். குடையைச் சாய்த்தார். வெயில் நின்றது. காம்பும் கழன்று விழுந்தது. வேலிக்கருவை முள்ளுக்குள் கைவிட்டு அதை எடுத்துக்கொண்டு, ரத்தம் வருகிற விரலை வாயில் வைத்தபடி சிரித்தார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஆம்பளை குடை பிடித்தால் தெருவில் கேலி செய்வார்களாம், குடை பெண்பிள்ளைகள் சாமான் என்று. அதைப் படித்தபோது அவருக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. "இதைப் பெரிய சாருக்கு வாசிச்சுக் காட்டுங்க" என்றார்.

கடைசித் தாளைத்தான் நான் படித்திருக்கக் கூடாது. பிறகு ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் பெண்களுக்குத் தோல் கொஞ்சம் கறுத்தால்தான் அழகு என்று வந்துவிட்டது. கடற்கரையில் வெயிலில் படுத்துக் காய ஆரம்பித்தார்கள். வெயில்குடையை யாரும் தொடவில்லை. இப்போது அவையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன என்று போட்டிருந்தது.

"வெயில்ல போயிப் படுக்குறாகளா? வேணும்னே?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "நம்ம சத்துணவு அக்காவைக் கூட்டிட்டுப் போயி அங்க நிப்பாட்டுனா, இவுகதான் ஊரு அழகின்னு சொல்லுவாகளா?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்று முழுக்க அறிந்தவர் யாரோ இறந்துபோன மாதிரி இருந்தார்.

சத்துணவு அக்கா எங்கள் பள்ளியில் மதியச் சாப்பாடு சமைக்கிறவர். அந்த ஊர்க்காரர். காலையில் சொந்தக் காட்டில் களையெடுத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டுவார். சமைத்துப் போட்டுவிட்டு உச்சி வெயிலில் மறுபடி காட்டுக்குப் போவார். அந்தப் பேச்சு வந்த மாதத்தில் தையல் டீச்சர் அவருக்கென்று ஒரு குடை செய்தார். மஞ்சள் துணி, அரக்குக் கரை. மற்ற எந்தக் குடையையும் விட அதில் வேலைப்பாடு கூடுதல்.

சத்துணவு அக்கா வாங்கி வைத்துக்கொண்டார். பிடிக்கத்தான் இல்லை. "நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா நான் இதைப் பிடிச்சுட்டுப் போனா காட்டுல இருக்குறவளுக வேலையை விட்டுட்டு என்னையத்தான் பாப்பாளுக" என்றார். ஒரு நாள் அவர் வீட்டைத் தாண்டிப் போகும்போது பார்த்தோம். முற்றத்தில் மஞ்சள் குடை விரிந்திருந்தது. அதன் நிழலில் அன்றைக்குப் பிறந்த வெள்ளாட்டுக்குட்டி படுத்திருந்தது. தையல் டீச்சருக்கு அதிலும் சந்தோஷம்தான். "குட்டிக்கு மஞ்சள் எடுப்பா இருக்கு" என்றார்.

இத்தனை குடை செய்தவருக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. தான் செய்த குடையின் மேல் மழை விழுகிற சத்தத்தைக் கேட்கவேண்டும். அந்தப் பக்கத்தில் எப்போதாவது பெய்கிற மழையும் நாங்கள் பஸ்ஸில் இருக்கும்போது பெய்யும், இல்லையென்றால் லீவு நாளில் பெய்யும். அதற்காகவே மயில்கழுத்து நிறத்தில் ஒரு குடை செய்தார். பச்சையா நீலமா என்று சொல்லமுடியாமல் திருப்பத் திருப்ப மாறுகிற நிறம். தண்ணீர் இறங்காமல் இருக்கத் துணியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, மேலே தாள் வைத்து இஸ்திரி போட்டிருந்தார். அந்தக் குடையை வெயிலுக்கு எடுக்கவே மாட்டார். தையல் வகுப்பில் ஒரு ஆணியில் தொங்கும்.

"வீட்டுல செம்புத் தண்ணிய ஊத்திப் பாத்தேன் டீச்சர். சொத்துனு விழுது. அது சத்தமே இல்ல. மழைன்னா வேற மாதிரி இருக்கும்ல?"

பெய்தால் கேளுங்கள் என்றேன்.

பெய்யவில்லை. அந்த வருஷம் பொய்த்தது, அடுத்த வருஷமும் பொய்த்தது. ஆடித் தூறலை நம்பிப் போட்ட கடலை முளைத்து விரல் உயரத்தில் நின்று கருகியது. கண்மாய்த் தரை பாளம் பாளமாக வெடித்துவிட்டது. ஊரில் பாதிப் பேர் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போடப் போய்விட்டார்கள். பிள்ளைகளும் கூடவே போனதால் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. சத்துணவு அக்காவின் மகன் திருப்பூருக்குப் போகிறேன் என்று மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்னும் ஒரு மாதம் பார் என்று அக்கா அவனைப் பிடித்து வைத்திருந்தார்.

ஐப்பசியில் ஒரு மதியம் கிழக்கே கருத்தது. நிஜமான மேகம். சாப்பாட்டு மணி அடித்திருந்தது. மண்வாசனை எங்கிருந்தோ முன்கூட்டியே வந்துவிட்டது. பள்ளிக்கு எதிரே தெருவில் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஆம்பளைகள் தலைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார்கள். பெண்கள் முக்காட்டை எடுத்தார்கள். ஒரு கிழவர் தன் கறுப்புக் குடையை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து கையை ஏந்திக்கொண்டு நின்றார். அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. வருஷத்தின் முதல் மழைக்குத் தலையை மூடக்கூடாது. வீடு தேடி வருகிறவர் முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரியாம் அது. இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்ததுதான். நாங்கள் அங்கே வேலைக்கு வந்ததிலிருந்து முதல் மழை பள்ளிக்கூட நேரத்தில் வந்ததே இல்லையே. எப்படித் தெரியும்?

பெரிய பெரிய சொட்டாகப் புழுதியில் விழுந்தது. தையல் வகுப்பிலிருந்து அவர் ஓடி வந்தார். கையில் மயில்கழுத்துக் குடை. நாடாவை அவிழ்த்தது, நீவியது, தூசி தட்டியது எதுவும் இல்லை. படக்கென்று விரித்துக்கொண்டு மைதானத்தின் நடுவில் போய் நின்றார். தலையைச் சாய்த்துக் காதைக் குடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், கேக்குது! இங்க வாங்க டீச்சர், கேக்குது!"

நான் போவதற்குள் காற்று மாறிவிட்டது. மேற்கிலிருந்து ஒரு வறட்டுக் காற்று கிளம்பி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனது. சொட்டு நின்றது. கண்ணெதிரே மேகம் கிழிந்து வெயில் அடித்தது. தெருவில் எல்லாரும் கையை ஏந்தியபடியே நின்றார்கள். யாரும் மேலே பார்க்கவில்லை. எல்லாரும் மைதானத்தைப் பார்த்தார்கள்.

அந்தக் கிழவர்தான் முதலில் பேசினார். கோபமே இல்லை அவர் குரலில்.

"மடக்குங்க டீச்சரம்மா."

இவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சிரித்துக்கொண்டே மடக்கினார்.

மறுநாள் சத்துணவு அக்கா அடுப்படியில் விஷயத்தைச் சொன்னார். "நம்ம டீச்சரம்மா தெரியாமச் செஞ்சுட்டாக. அது எல்லாருக்கும் தெரியுது. ஆனா ஊருல ஒரு பேச்சு ஓடுது. இவுக தினமும் கலர் கலரா மானத்தைப் பாத்து விரிச்சதுலதான் மழை கூச்சப்பட்டு நிக்குதாம். இறங்கி வந்ததையும் நேத்து நேருக்கு நேரா மறிச்சுட்டாகளாம்."

நான் கத்தினேன். குடைக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம், போன வருஷம் இந்த ஜில்லா முழுக்கப் பெய்யவில்லையே, அங்கேயெல்லாம் யார் குடை பிடித்தார்கள் என்று கேட்டேன். அக்கா பருப்பைக் கிண்டிக்கொண்டே, "நான் என்னத்தைக் கண்டேன் டீச்சர்" என்றார்.

தையல் டீச்சர் ஊருக்குள் விரிப்பதை நிறுத்தினார். காட்டுப் பாதையில் மட்டும் பிடித்தார். காட்டிலிருந்து பார்த்தால் தெரிகிறது என்று பெரிய சார் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். "கொஞ்ச நாளைக்கு வேண்டாமே டீச்சர்" என்று பெரிய சார் கெஞ்சுகிற மாதிரி சொன்னார். "சார், இது வெறும் துணி சார். எட்டுத் துண்டு துணி" என்றார் இவர். ஆனால் அடுத்த நாள் முதல் என்னைப் போலவே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார். அதற்கும் மழை வரவில்லை.

கார்த்திகை பிறந்ததும் ஊரில் கொடும்பாவி கட்டினார்கள். மழை நின்று போனால் செய்வது அது. யாரோ ஒரு கொடிய பாவியால்தான் மழை நின்றதென்று, வைக்கோலால் ஒரு பொம்பளை உருவம் செய்து சேலை சுற்றி, தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். கடைசியில் கண்மாய்க்குள் கொண்டுபோய் எரிப்பார்கள். பாவம் எரிந்தால் மழை இறங்கும்.

சாயங்காலம் நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது தெருமுனையில் அது எதிரே வந்துவிட்டது. ஒதுங்க இடமில்லை. வைக்கோல் உருவம் மாட்டுவண்டிச் சட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் கையில் விரித்த குடை. மஞ்சள் துணி, அரக்குக் கரை.

ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்த பெண்களில் சத்துணவு அக்காவும் இருந்தார். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். ஒப்பாரி அப்படியே தேய்ந்து நின்றது. இழுத்து வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். அவர்களுக்கும் முகத்தைக் காட்ட முடியவில்லை என்று நினைக்கிறேன். யாரும் டீச்சரை வைது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தையல் டீச்சர் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கம்பியின் முனை கழன்று துணி அந்த இடத்தில் தொங்கிப்போயிருந்தது. முன்னால் போனார். எட்டி, துணியின் மூலையைப் பிடித்து இழுத்து, கம்பி முனையில் மாட்டினார். விளிம்பை ஒருமுறை நீவிவிட்டார். பிறகு வந்து என் பக்கத்தில் வேலியோரம் ஒதுங்கி நின்றுகொண்டார். வண்டி போயிற்று. ஒப்பாரி மறுபடி எழுந்தது. அவர், "பஸ்ஸுக்கு நேரமாச்சு டீச்சர்" என்றார்.

மறுநாள் சத்துணவு அக்கா தையல் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "வேணும்னா குடுத்தேன்? வந்து கேட்டாக. காடு பூராம் கருகிட்டு நிக்குது. எம் மகன் மூட்டையைக் கட்டி வச்சிருக்கான். நான் என்ன செய்யணும்னு சொல்றீக?"

"உங்க குடைதானக்கா" என்றார் இவர். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வாரத்திலேயே மழை பெய்தது. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று ரேடியோவில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். விடாமல் பெய்தது. கண்மாய்க்குள் தண்ணீர் வந்து சேர்கிற சத்தம் பள்ளிக்கூடம் வரை கேட்டது. பிள்ளைகளைப் பிடித்து வைக்க முடியவில்லை. பெரிய சாரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றார். நான் தையல் வகுப்புக்கு ஓடினேன். ஜன்னலைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து யாருடைய பாவாடைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். மயில்கழுத்துக் குடை ஆணியில் தொங்கியது.

"டீச்சர், எடுங்க அதை. வாங்க, சத்தம் கேக்கலாம்."

"கேக்குதே டீச்சர். ஓட்டு மேல."

"ரேடியோல நேத்தே சொன்னாங்க. இது ஜில்லா முழுக்கப் பெய்யுது. உங்க குடை எரிஞ்சதால இல்ல."

"ஆமா டீச்சர்" என்றார். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே தலையாட்டினார். பிள்ளை ஏதோ சொன்னால் பெரியவர்கள் ஆட்டுகிற தலையாட்டல்.

ஊரில் அதன் பிறகு அவரிடம் ரொம்பப் பிரியமாக இருந்தார்கள். அந்த ஈரத்தில் மறுபடி விதைத்த கடலையை எடுத்ததும் சத்துணவு அக்கா அவித்த கடலையைத் தூக்குவாளி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மகன் திருப்பூருக்குப் போகவில்லை. அந்தக் கிழவர் எதிரே வந்தால் "நல்லா இருக்கீகளா டீச்சரம்மா" என்று நின்று கேட்பார். யாரும் தப்பு செய்ததாக நினைக்கவில்லை. மழை பெய்ததல்லவா, அப்புறம் என்ன? எனக்கு அந்தக் கடலையைத் தின்னப் பிடிக்கவில்லை. அவர் தின்றார்.

குடைகளை ஒவ்வொன்றாக உரித்துவிட்டார். துணியெல்லாம் தையல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போயிற்று. கொஞ்ச நாள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பச்சையிலும் ரோஸிலும் புத்தகப் பை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஒரு பிள்ளையின் பை மயில்கழுத்து நிறத்தில் இருந்தது. மெழுகு தேய்த்த துணி என்பதால் அந்தப் பையில் மட்டும் புத்தகம் நனையாது. கம்பிக்கூடுகளைப் பழைய இரும்புக்காரனிடம் பேரீச்சம்பழத்துக்குப் போட்டதாக அவர் வீட்டுக்காரர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் வேடிக்கைப் பேச்சு எதுவும் பேசவில்லை.

அடுத்த வருஷம் எனக்குப் பாலவனத்தம் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. அருப்புக்கோட்டை பெரிய ஊர் இல்லைதான். ஆனாலும் பஸ் மாறி, நேரம் மாறி, பார்ப்பது குறைந்துபோனது.

தொண்ணூறுகளில் எல்லாம் மாறியது. ஃபேன்ஸி ஸ்டோர் வாசலில் பொத்தானை அமுக்கினால் விரிகிற குடைகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பூப்போட்டது, கட்டம் போட்டது, ஓரத்தில் மடிப்பு வைத்தது. காலேஜுக்குப் போகிற பிள்ளைகள், ஆஸ்பத்திரி நர்சுகள், மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள், எல்லார் கையிலும் ஒன்று. சுடிதாருக்குப் பொருத்தமாகக் குடை வாங்க வேண்டும் என்று என் மகளே அடம்பிடித்தாள். எனக்கு அவர் ஞாபகம் வந்தது. அவர் இதைப் பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சித்திரை மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டாராம். நிழலில் இடம் இல்லாமல் வெளியே வெயிலில் நின்றார். தலையில் முந்தானை கூடப் போடவில்லை. முடி நன்றாக நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு என் மகளைப் பற்றி, வீட்டுக்காரரைப் பற்றி எல்லாம் விசாரித்தார். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. நான் பையிலிருந்து என் குடையை எடுத்தேன். வெளிர்நீலத்தில் வெள்ளைப் பூ. பொத்தானை அமுக்கி அவர் தலைக்கு மேல் பிடித்தேன்.

அவர் ஒரு எட்டு பின்னால் போய் மறுபடி வெயிலில் நின்றார்.

"எனக்கு வேண்டாம் டீச்சர். கிழக்க மேகம் கட்டுது."

திரும்பிப் பார்த்தேன். லாட்ஜ் மாடிக்கு மேலே பஞ்சு பிய்த்துப் போட்ட மாதிரி ஒரு துண்டு வெள்ளை மேகம். அதைத் தவிர வானத்தில் ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கையை நீட்டிக் காட்டினேன்.

"இங்க பாருங்க. எத்தனை குடை! எல்லாரும் விரிச்சுட்டுத்தானே நிக்கிறாங்க?"

அவர் பார்த்தார். ஒரு பிள்ளையின் ரோஸ் கலர் குடையில் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"அவுக விரிச்சா ஒண்ணும் ஆகாது டீச்சர்" என்றார். "நான்தான் கீழ நிக்கக்கூடாது."

நான் குடையை மடக்கினேன். திருச்சுழி பஸ் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் வெயிலிலேயே நின்றோம்.